641 எங்கிருந்து வந்தது?

கேள்வி: 4,29,49,67,297 என்ற எண் 641-ஆல் வகுபடும் என்று படித்தேன். 3, 5, 7 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் 641-ஐப் பிடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அப்படிப் போனால் 641 என்பது 116ஆவது பகா எண், அலுத்துப் போகும். இந்த எண் 2³² + 1 என்பதில்தான் வழி இருக்கிறது. p என்ற பகா எண் இதை வகுத்தால், 2³²-க்கு மீதி −1, 2⁶⁴-க்கு மீதி 1. அதனால் p − 1 கட்டாயம் 64-இன் மடங்கு. இது ஆய்லர் கண்டது. அதை 128-இன் மடங்கு என்று 1878-இல் இறுக்கியவர் லூகாஸ்.

ஆக, பார்க்க வேண்டியவை 129, 257, 385, 513, 641... 129-உம் 513-உம் 3-ஆல் போய்விடும், 385 ஐந்தால். 257-க்கு 2⁸-இன் மீதி −1, 2¹⁶-க்கு 1, 2³²-க்கும் 1. நம் எண்ணுக்கு மீதி 2. அடுத்தது 641.

பத்து இலக்க வகுத்தல் தேவையே இல்லை, மீதியை வர்க்கப்படுத்தினால் போதும். 2¹⁶ = 65,536. இதில் 641 × 102 = 65,382 போக மீதி 154. 154-இன் வர்க்கம் 23,716; 641 × 37 = 23,717. ஒன்று குறைகிறது, அதாவது மீதி −1. அதனுடன் 1 கூட்டினால் பூச்சியம்! பலர் தடுமாறுவது இங்கேதான்: மீதியை 640 என்று எழுதிவிட்டு, கடைசி 1-ஐக் கூட்ட மறந்து 'வகுபடவில்லை' என்று முடித்துவிடுகிறார்கள்.

ஈவு 67,00,417. அதுவும் பகா எண்ணா? அதன் வர்க்கமூலம் 2,588-ஐச் சற்றே தாண்டும். அதுவரை மிஞ்சுபவை 641, 769, 1,153, 1,409 மட்டுமே (641 இரண்டாம் முறையும் வரலாம் என்பதால் அதையும் விடக்கூடாது). மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆகவே பகா எண்தான். பட்டியலில் 1,537-உம் 1,921-உம் பகா எண் போலத் தோன்றும். அவை 29 × 53, 17 × 113.

கேள்வி: நிரலில் 2³² + 1 கேட்டால் 1 என்று வருகிறதே?

பதில்: குறியில்லாத 32 பிட் முழு எண்ணில் 4,29,49,67,295 வரைதான் கொள்ளும், அதைத் தாண்டினால் மீண்டும் பூச்சியத்திலிருந்து எண்ணும். 64 பிட் வகைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: காரணி தெரியாமலே இது பகு எண் என்று காட்ட முடியுமா?

பதில்: முடியும், அழகாகவே. ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். இதுவோ 65,536² + 1². 62,264² + 20,449²-உம் இதுவே. இரண்டு விதம் வந்ததற்குக் காரணம் காரணிகளில் இருக்கிறது: 641 = 25² + 4², 67,00,417 = 2,556² + 409². குறுக்கே பெருக்கிப் பாருங்கள். 25 × 2,556 = 63,900, 4 × 409 = 1,636; கூட்டினால் 65,536, கழித்தால் 62,264. 25 × 409 = 10,225, 4 × 2,556 = 10,224; கூட்டினால் 20,449, கழித்தால் அந்த 1.