ரக்கூனைப் பிடித்தால் மட்டும் வான்கோழி திரும்பாது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உங்கள் 40 ஏக்கர் பைன் தோப்பில் காட்டு வான்கோழிச் சத்தமே குறைந்துவிட்டது, ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்குக்குப் பொறி வைத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ரக்கூன் முட்டை தின்னும், உண்மைதான். ஆனால் இவ்வளவு சின்ன நிலத்தில் நீங்கள் பிடிக்கப் பிடிக்க, பக்கத்து நிலத்து ரக்கூன் வந்துகொண்டே இருக்கும்.

முதலில் தோப்பைப் பாருங்கள். பெட்டை தரையில்தான் கூடு வைக்கும், 28 நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சு பறந்து மரமேற ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை பூச்சிதான் முக்கியத் தீனி. ஒளிய மறைவும் வேண்டும். நெருக்கமான பைனுக்கடியில் இரண்டுமே அரிது. சில மரங்களை வெட்டி இடைவெளி விட்டு, தரையில் வெயில் விழச் செய்யுங்கள். அப்புறம் முறையான அனுமதியோடு, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பகுதி பகுதியாகத் தரைப்புதரை எரியுங்கள். மே, ஜூனில் புல் வெட்டாதீர்கள், கூடு அடிபட்டுப் போகும்.

வான்கோழி வேட்டை சீசன் எப்போது தொடங்க வேண்டும், எத்தனை சுடலாம் என்ற சண்டைக்கு வருகிறேன். ஜார்ஜியா 2022இல் ஒரு சீசனில் ஆளுக்கு மூன்று சேவல் சுடலாம் என்பதை இரண்டாக்கி, சீசன் தொடக்கத்தையும் தள்ளிவைத்தது. இணைசேருமுன் சேவல்கள் சாகக்கூடாது என்பது வாதம். டென்னசி மாநிலத்தில் தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளிப் பார்த்த ஆய்வில் கூடுகளின் வெற்றி கூடவில்லை. அதனால் தேதியை நான் பெரிதாக நம்பவில்லை. வரம்பைக் குறைத்தது சரி.

ஜூலை, ஆகஸ்டில் பெட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணுங்கள். பெட்டைக்குச் சராசரி இரண்டு குஞ்சுகூட இல்லையென்றால், அடுத்த வசந்தத்தில் உங்கள் நிலத்தில் சுடாமல் விடுங்கள்.