மையின் புள்ளி, மெய்யின் புள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கு மலரை 96 பக்கத்தில் அச்சிட்டோம். அட்டையில் கோபுரத்துக்குப் பின்னால் கருநீல வானம். கம்ப்யூட்டரில் அவ்வளவு அழகாக இருந்தது, அச்சில் கத்திரிப்பூ நிறமாக வந்துவிட்டது. உள்ளே பழைய கருப்பு வெள்ளைப் படங்கள் இருட்டடித்துக் கிடக்கின்றன. எழுத்தும் கொஞ்சம் இரட்டை இரட்டையாகத் தெரிகிறது. பிரஸ்ஸில் கேட்டால் "ஃபைலே அப்படித்தான் சார் வந்துச்சு" என்கிறார்கள். திரையில் பார்ப்பதை அப்படியே அச்சிட இத்தனை காலத்தில் ஒருவரும் வழி கண்டுபிடிக்கவில்லையா? செயற்கை நுண்ணறிவாவது சரிசெய்யுமா? இந்தத் துறையில் நம்மவர்கள் எதையாவது செய்திருக்கிறார்களா, இல்லை எல்லாமே இறக்குமதிதானா? 14-ஆம் பக்கத்தின் பிடிஎஃப்பை இணைத்திருக்கிறேன்.

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

வானத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சயான் (பச்சைநீல மை) 100 சதவீதம், மெஜந்தா (ரோஜாச் சிவப்பு மை) 100 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். கணக்குப்படி அது நீலம். காகிதத்தில் ஊதா. பச்சை ஒளியை விழுங்குவது மெஜந்தாவின் வேலை. சயான் மையும் சுத்தமானதில்லை, அதுவும் கொஞ்சம் பச்சையை விழுங்கும். பச்சை மொத்தமும் போன நீலம் கண்ணுக்கு ஊதாவாகத்தான் தெரியும். சயானை அப்படியே விட்டு மெஜந்தாவை 65, 70-க்கு இறக்கச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவை இப்போதைக்கு விடுங்கள், அது வந்து உங்கள் மெஜந்தாவை இறக்கப்போவதில்லை.

"அப்படியே அச்சிட" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. இந்த வாரம் முழுக்க என் தலையில் புள்ளிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கருப்பு மையை வைத்துக்கொண்டு ஆஃப்செட் மெஷின் சாம்பல் நிறத்தை அச்சிடுவதில்லை. மை உண்டு, அல்லது இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. மலரை எடுத்து எந்தப் படத்தின் மேலாவது ஒரு லூப்பை (சின்ன பூதக்கண்ணாடி) வையுங்கள். வெளிச்சமான இடத்தில் சின்னப் புள்ளி, இருட்டான இடத்தில் பெரிய புள்ளி. நான்கு மையின் புள்ளி வரிசைகளுக்கும் நான்கு சாய்மானம்: வழக்கமாகக் கருப்பு 45 பாகை, சயான் 15, மெஜந்தா 75, மஞ்சள் 0. முதல் மூன்று வலுவான நிறங்களுக்கும் இடையே 30 பாகை விட்டால் கண்ணை உறுத்தும் அலைவரி வராது. 90 பாகைக்குள் அப்படி மூன்றுக்குத்தான் இடம். நான்காவதாக வரும் மஞ்சளை இடுக்கில் 15 பாகை மட்டும் தள்ளிச் செருகிவிடுவார்கள். மஞ்சளின் அலைவரி யார் கண்ணிலும் சட்டென்று படாது.

இந்தப் புள்ளியைப் பிடிப்பதற்கு நாற்பது வருடம் மாதிரி ஆயிருக்கிறது. 1852-இல் இங்கிலாந்தில் புகைப்பட முன்னோடி டால்பட் மெல்லிய வலைத்துணியைக் குறுக்கே வைத்துப் படத்தை உடைக்கக் காப்புரிமை எடுத்தார். 1882-இல் ஜெர்மனியில் மைசன்பாக் கோட்டுத் திரையோடு வந்தார். 1890-களில் ஃபிலடெல்ஃபியாவின் லெவி சகோதரர்கள், கோடு கீறிக் கறுப்பு நிரப்பிய இரண்டு கண்ணாடிகளைக் குறுக்காக ஒட்டித் துல்லியமான திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பத்திரிகைக்காரர்கள் "பிளாக் எடுக்கணும்" என்பார்களே, அந்த பிளாக் இதிலிருந்து வந்ததுதான்.

திரை கையில் இருந்தால் போதுமா? அதைக் காமிராவுக்குள் இருக்கும் நெகட்டிவ் தகட்டின் மேல் ஒட்டவைத்தால் காரியம் கெட்டுவிடும். நிழல் வெட்டினதுபோல விழும், எல்லாப் புள்ளியும் துளையின் அளவிலேயே நிற்கும், நடுத்தொனி என்பதே இருக்காது. கொஞ்சம் தள்ளி வைத்தால் ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒளி நடுவில் பலமாகவும் ஓரத்தில் மங்கியும் விழும். வெள்ளை வேட்டியிலிருந்து வரும் ஒளி ஓரம்வரை தகட்டைச் சுடும். கறுத்த தூணிலிருந்து வருவது நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைக்கும். நெகட்டிவ் என்பதால் அச்சில் இது தலைகீழாகும். வெளிச்சத்தின் அளவு புள்ளியின் அளவாக மாறுவது அந்த மங்கல் ஓரத்தில்தான். அதிகம் தள்ளினால் பக்கத்துப் பக்கத்து ஒளிகள் கலந்து படம் சப்பென்று ஆகிவிடும். சரியான தூரம் எவ்வளவு? லென்ஸின் துவாரம் காமிராவின் நீட்டத்தில் (லென்ஸுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரத்தில்) 64-இல் ஒரு பங்கு என்றால், திரை துளையைப் போல 64 மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 100 கோடு கொண்ட திரையில் கோடும் இடைவெளியும் சமம் என்றால் துளை 0.127 மில்லிமீட்டர், தூரம் 8 மில்லிமீட்டர் சொச்சம்.

இந்தத் தூரத்தைக் கைப்பழக்கத்துக்கு விடாமல் கணக்கில் பிடிக்க உட்கார்ந்தவர்களில் முக்கியமான ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். "எல்லாமே இறக்குமதிதானா" என்ற கேள்வியை இவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டீர்களே! உபேந்திரகிஷோர் ராய். சத்யஜித் ராயின் தாத்தா என்று சொன்னால்தான் நமக்குத் தெரிகிறது, அது அவர் குற்றமில்லை. தன் குழந்தைகள் புத்தகத்துக்கு வரைந்த படங்களை மரக்கட்டை பிளாக்கில் சிதைத்துவிட்டார்கள் என்று வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைத்து 1895-இல் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். சாமான் மட்டும்தான் இறக்குமதி. 1897 முதல் லண்டனில் அச்சுத் தொழிலுக்காக வந்த பென்ரோஸ் ஆண்டு மலரில் அவருடைய கட்டுரைகள் வரத் தொடங்கின: திரையின் தூரம், புள்ளி உருவாகும் விதம், துவாரத்தின் வடிவம், கோடுகள் 90 பாகைக்குப் பதில் 60 பாகையில் குறுக்கிடும் திரை. அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருந்த ஐரோப்பியர்கள் படித்துத் தெரிந்துகொண்ட கட்டுரைகள் அவை. அங்கே போய்ப் படிக்காமல் எழுதியவை.

இருண்ட படங்களுக்கு வருகிறேன். 50 சதவீதப் புள்ளி காகிதத்தில் 50-ஆக நிற்காது. மையைத் தாளுக்கு மாற்றும் பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்பின் அழுத்தத்தில் மை பரவும். போதாததற்கு ஒளி காகிதத்துக்குள் புகுந்து புள்ளியின் அடியில் மாட்டிக்கொள்ளும், அதனாலும் புள்ளி பெருத்துத் தெரியும். ஆர்ட் பேப்பரில் 65-ஐ ஒட்டி வரும். பூச்சில்லாத மேப்லித்தோவில் 70-ஐத் தாண்டும், நியூஸ்பிரிண்டில் இன்னும் மேலே. நடுத்தொனியைப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும், கருமையை 95-இல் நிறுத்த வேண்டும். உங்கள் படங்கள் பழைய மலரிலிருந்து ஸ்கேன் செய்தவை என்றால் பழைய புள்ளிமேல் புதுப் புள்ளி ஏறி அலைவரியும் விழுந்திருக்கும். அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்து லேசாக மங்கலாக்கிப் பிறகு சுருக்குங்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

உண்மையில் கோபம் வந்தது 14-ஆம் பக்கத்தைத் திறந்தபோது. கட்டுரையின் கருப்பு எழுத்து சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90. கம்ப்யூட்டர் திரைக்கான கருப்பை ஒரு பட்டனில் நான்கு நிறத்துக்கு மாற்றியவர்கள் விட்டுவைத்த அடையாளம் அது. கூட்டினால் 300 சதவீத மை, மேப்லித்தோ காகிதத்தில், பத்துப் பாயிண்ட் எழுத்துக்கு. காயாது. அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அதைவிட மோசம், நான்கில் ஒன்றுகூட 100 இல்லை. அதாவது உங்கள் எழுத்து முழுக் கறுப்பாக இல்லவே இல்லை. நான்கு சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எழுதியிருக்கிறீர்கள்.

நான்கும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுமா? பிளேட்டை நனைக்கும் டேம்பிங் தண்ணீரில் தாள் நீளும், நார் ஓடும் திசைக்குக் குறுக்கே இன்னும் அதிகமாக. இரண்டு கலர் மெஷினில் இன்று இரண்டு நிறம், நாளைக்கு இரண்டு நிறம் என்று ஓட்டினால் ராத்திரி ஈரத்தில் தாள் இன்னொரு அளவாகியிருக்கும். 0.1 மில்லிமீட்டர் நகர்வது அன்றாடம் நடப்பது. நீங்கள் சொன்ன இரட்டை அதுதான். மெஷின்மேனைத் திட்டாதீர்கள்.

ஆங்கில எழுத்து இதைக் கொஞ்சம் தாங்கும். தமிழ் தாங்காது. மெய்யின் தலையில் இருக்கும் புள்ளி அந்த அளவில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அங்குலத்துக்கு 150 வரி கொண்ட அச்சுத் திரையில் அச்சுப்புள்ளிக்கும் அச்சுப்புள்ளிக்கும் இடையே 0.17 மில்லிமீட்டர். ஆக, 'க்' என்பதன் புள்ளியை இரண்டு மூன்று மைப்புள்ளிகளால் வரையப் பார்க்கிறீர்கள்! வட்டம் எங்கிருந்து வரும்? தலையோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது கரைந்துபோகும். அதே எழுத்தைக் கருப்பு 100 என்று மட்டும் வைத்தால் திரையே கிடையாது. பிளேட் எடுக்கும் கருவி அங்குலத்துக்கு 2400 புள்ளியில் அதன் விளிம்பை நேராகச் செதுக்கும். ஒரே மை, ஒரே பிளேட். எதோடு எது விலகுவதற்கு?

அதே பக்கத்தில் கருஞ்சிவப்புப் பெட்டிக்குள் 8 பாயிண்ட் வெள்ளை எழுத்தில் நன்கொடையாளர் பெயர்கள். பெட்டி நான்கு மையில். அங்கே மெய்யின் புள்ளி என்பது மை இல்லாத ஒரு துளை. எந்த மை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது அடைபடும். பணம் கொடுத்த முத்தையாவை முததையா ஆக்கிவிட்டு எந்த முகத்தோடு மலரை நீட்டுவது? பெட்டியை மெஜந்தா 100, மஞ்சள் 100 என்று இரண்டு மையோடு நிறுத்துங்கள், எழுத்தை 12 பாயிண்ட் தடித்ததாக வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் கருப்பாகவே போடுங்கள், நன்கொடையாளர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எழுத்தைப் படத்தோடு சேர்த்து ஜேபெக் ஆக்கி அனுப்பும் பழக்கமும் இதே பாவம்தான். வெளிர்நிறப் பின்னணிமேல் வரும் கருப்பு எழுத்துக்கு மட்டும் ஓவர்பிரிண்ட் (பின்னணியை வெட்டாமல் அதன்மேலேயே அச்சிடுவது) கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும்.

மறுபதிப்புக்குக் கொடுப்பதற்கு முன் பிடிஎஃப்பை அக்ரோபாட் ப்ரோவில் திறந்து அவுட்புட் ப்ரிவ்யூவுக்குப் போய்க் கருப்பை மட்டும் அணையுங்கள். கட்டுரைப் பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் கோரலுக்கோ பேஜ்மேக்கருக்கோ திரும்பிப் போய் அந்த எழுத்தைத் தேர்ந்து 0, 0, 0, 100 என்று கையால் அடியுங்கள். 96 பக்கத்தையும்.