மனையை விற்க வேண்டாம் அம்மா

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போன வாரம் மகளோடு என்னைப் பார்க்க வந்தார். பெண் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கில் 58. அம்மாவின் பையில் ஒரு பொறியியல் கல்லூரியின் விண்ணப்பம் இருந்தது. மகளின் பையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட 412 பக்கம், ஆங்கிலத்தில் ஒரு நாவல். இரண்டையும் என் மேசையில் வைத்துவிட்டு அம்மா கேட்டார்: "சார், இதை எழுதி எழுதியேதான் மார்க் போச்சு. இனிமே இவ என்ன ஆவா?"

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அன்றைக்கு அனுப்பிவிட்டேன். அது போதாது. வீட்டில் இதே மாதிரி கதை எழுதும் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், பேர் அடையாளம் இல்லாமல் இங்கே எழுத அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

அம்மா, முதலில் அந்த விண்ணப்பம். கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா. நன்கொடை, கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 4 வருஷத்துக்கு 14 லட்சம் என்று கணக்குச் சொன்னீர்கள். பைபாஸ் ஓரத்து மனையை விற்றுக் கட்டலாம் என்பது உங்கள் அண்ணன் சொன்ன யோசனை. வேண்டாம். கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பெண்ணை, கணக்கின் மேல் நிற்கிற படிப்பில் காசு கொடுத்துச் சேர்க்கிறீர்கள். அரியர் விழ விழ அவளுக்குத் தன் மேல் இருக்கிற நம்பிக்கையும் போகும். மனை போனால் திரும்பி வராது. உங்கள் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் விற்கப்போவது அவர் மனை இல்லை.

இரண்டாவது, நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயம். 85,000 ரூபாய் கட்டினால் புத்தகமாகப் போட்டு, கடைகளுக்கு அனுப்பி, விழாவும் எடுத்துத் தருவதாக ஒரு நிறுவனம் போன் செய்ததாமே. அதற்கும் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். பதிப்பகம் என்றால் எழுத்தாளருக்குப் பணம் தர வேண்டும். எழுத்தாளரிடம் பணம் வாங்கிப் புத்தகம் போடுகிறவர்களுக்கு, அது விற்றாலும் விற்காவிட்டாலும் லாபம் முதல் நாளே வந்துவிடுகிறது. அப்புறம் அதை விற்க அவர்கள் ஏன் அலையப்போகிறார்கள்?

அந்த 412 பக்கத்தில் 60 பக்கம் படித்தேன். உங்கள் அம்மாவின் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாதான் கதைக்களம். கடைசி நாள் படுகளத்தில், அதாவது துரியோதனன் சாவதை நடித்துக் காட்டும் சடங்கில், மண்ணால் மல்லாந்து கிடக்கும் துரியோதனனைச் செய்கிற குடும்பத்துப் பெண்தான் நாயகி. ஈர மண்ணை மார்பில் அப்பி அப்பி மட்டப்படுத்தும்போது உள்ளேயிருந்து மூச்சு அவள் உள்ளங்கையை மேலே தள்ளுகிறது. அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 17 வயதில் இப்படி எழுத வருகிறது என்றால், அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

இவளுக்கு முன்னால் இருக்கும் வழி இலக்கிய முகவர், அதாவது லிட்டரரி ஏஜென்ட். நம் வீடுகளில் யாரும் கேள்விப்படாத வேலை. எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசுவது, ஒப்பந்தத்தை வரி வரியாகப் பார்ப்பது, வெளிநாட்டு உரிமை, சினிமா உரிமை எல்லாவற்றையும் தனித்தனியாக விற்பது அவர்கள் வேலை. எழுத்தாளருக்கு வரும் பணத்தில் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், வெளிநாட்டு விற்பனை என்றால் பெரும்பாலும் 20. புத்தகம் விற்றால்தான் அவர்களுக்கும் காசு. படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்கிறவரை விட்டு விலகிவிடுங்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய பதிப்பகங்கள் முகவர் இல்லாமல் வரும் நாவலைப் பெரும்பாலும் பிரிப்பதே இல்லை. இந்தியாவில் நேரடியாக வாங்கிப் பார்க்கிற பதிப்பகங்களும் உண்டு. ஜெய்ப்பூரின் சியாஹி, தில்லியின் ரைட்டர்ஸ் சைடு, ரெட் இங்க் போன்ற முகவர் நிறுவனங்களும் இங்கேயே இருக்கின்றன. ஆங்கிலத்தில் புராண நாவல்கள் எழுதும் அமீஷ் திரிபாதியின் முதல் நாவலைப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியபோது, அதை நம்பி 2010இல் அச்சுக்குக் கொண்டுபோனவர் அவருடைய முகவர்தான். எழுதும்போது அமீஷ் நிதித்துறையில் வேலையில் இருந்தார் என்பதை உங்கள் அண்ணனிடமும் சொல்லுங்கள்.

முகவருக்கு நாவலை அப்படியே அனுப்பக் கூடாது. ஒரு பக்கக் கடிதம் போகும், கொயரி லெட்டர் என்பார்கள். சுமார் 300 வார்த்தை. கூடவே அவர்கள் கேட்கிற அளவுக்கு முதல் சில பக்கங்களோ மூன்று அத்தியாயமோ, ஒன்றிரண்டு பக்கத்தில் கதைச் சுருக்கமும். சுருக்கத்தில் முடிவையும் சொல்லியாக வேண்டும். மறைத்து ஆவலைத் தூண்டுகிற வேலை அங்கே எடுபடாது.

உங்கள் மகள் எழுதி வைத்திருந்த கடிதம் இப்படித் தொடங்கியது: "உலகின் மிகப்பெரிய இதிகாசமான மகாபாரதத்தைத் தழுவி, தென்னிந்திய நாட்டார் மரபின் பின்னணியில்..." முதல் பத்தியிலேயே பதினோரு பெயர்கள். புராணக் கதை எழுதுகிற பிள்ளைகள் எல்லோரும் விழும் குழி இது. நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கும் முகவருக்கு மகாபாரதம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தில்லியில் இருப்பவருக்கு அந்தப் பாடம் ஏற்கனவே தெரியும், அவரிடம் மகாபாரதக் கதைகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான்: யார், அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் எதை இழப்பாள்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மாற்றினோம். இப்போது அது இப்படித் தொடங்குகிறது: "வருஷா வருஷம் அவள் குடும்பம் செய்யும் மண் துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாக வேண்டும். அப்போதுதான் திரௌபதி கூந்தலை முடிவாள், ஊர் தீ மிதிக்கும். இந்த வருஷம் அவன் கண் திறந்து உயிர்ப்பிச்சை கேட்கிறான், செத்துப்போன அவள் அண்ணனின் குரலில்." பெயர்கள் இரண்டுதான். இதற்கு மேல் படிக்காமல் ஒரு முகவரால் இருக்க முடியுமா என்று பாருங்கள்.

அடுத்தது அளவு. அவள் எழுதியிருப்பது 1,60,000 வார்த்தை. முதல் மிகுபுனைவு, அதாவது ஃபேன்டஸி, நாவலுக்கு 90,000 முதல் 1,20,000 வரை வசதியான அளவு. அதற்கு மேல் போனால் வெட்டத் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்கள். மூன்று பாகம் என்று தொடங்காமல், இந்த ஒரு புத்தகம் தனியாக நிற்கும், தொடரவும் இடமுண்டு என்று ஒரு வரி போதும். ஒப்பிடுவதற்குக் கடந்த நாலைந்து வருஷத்தில் வந்த இரண்டு நாவல்களைச் சொல்லட்டும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்ற பெயர்களை இழுக்க வேண்டாம். தன்னைப் பற்றிய பத்தியில் மதிப்பெண்ணோ பள்ளிப் பரிசோ எதற்கு? பாட்டியின் ஊரில் சின்ன வயசிலிருந்து படுகளம் பார்த்து வளர்ந்தவள் என்பதைவிடப் பெரிய தகுதி இந்தக் கதைக்கு இல்லை.

ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்பவும் கூடாது. ஐந்தாறு பேராக அனுப்பி, இரண்டு மூன்று மாதம் பொறுத்து, பதில்களைப் பார்த்துக் கடிதத்தைத் திருத்தி, அடுத்த ஐந்தாறு. யார் இப்போது மிகுபுனைவு வாங்கிப் பார்க்கிறார்கள் என்பதை அவரவர் இணையதளத்தில் படித்துவிட்டு அனுப்ப வேண்டும். பல இடங்களிலிருந்து பதிலே வராது. வராவிட்டால் இல்லை என்று அர்த்தம். அந்த மௌனத்தில்தான் இவள் ரொம்ப உடைந்துபோவாள். அப்போது "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

பணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 400 ரூபாய்ப் புத்தகத்துக்கு 7.5 சதவீதம் ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்கு வரும் பங்கு, என்றால் 30 ரூபாய். 3,000 பிரதி விற்றால் 90,000. முகவரின் பங்கு 13,500 போக மீதி 76,500. முன்பணம் தந்திருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் ராயல்டி வரும். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, அவளுக்கும் இதை நேராகவே சொன்னேன். அதனால் படிப்பு வேண்டும், ஆனால் மனையைத் தின்னாத படிப்பு. திண்டிவனத்திலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பி.ஏ. ஆங்கிலம் மூன்று வருஷம், கட்டணம் சில ஆயிரங்களோடு முடியும். அது முடிந்ததும் பி.எட்., மொழிபெயர்ப்பு, பதிப்பகங்களில் எடிட்டிங், போட்டித் தேர்வு எனப் பிழைப்புக்கு வழிகள் உண்டு. காலையில் கல்லூரி, சாயங்காலம் நாவலில் 40,000 வார்த்தையை வெட்டுகிற வேலை. இந்த வருஷத்துக்கு அவளுக்கு அது போதும்.

இன்னொன்று. அவளுக்கு 18 முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் எந்த முகவராவது சரி என்றால், அவள் மட்டும் போடும் கையெழுத்து செல்லாது. பெற்றோராக நீங்கள் உடன் நிற்க வேண்டியிருக்கும். எந்தக் காகிதமானாலும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது, இந்த வாரமே போட்டுவிடுங்கள். மனை வாங்க வருகிறவரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். உங்கள் அண்ணனை ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அழைத்து வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன். வருவதற்கு முன்னால் அந்த முதல் 60 பக்கத்தை அவளை விட்டு உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதில் உங்கள் அம்மா வருகிறார்.