போலி மரபா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சிகாகோவில் வசிக்கிறேன். மார்ச் 17, அயர்லாந்தின் காவல் புனிதரான புனித பேட்ரிக்கின் நாளன்று ஐரிஷ் வம்சாவளி நண்பர் ஒருவர் தன் தேவாலய விருந்துக்கு அழைத்துப் போனார். கார்ன்டு பீஃப் எனும் உப்பிட்ட மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. ஊரே கூடிச் சாப்பிட்டது. மறுநாள், டப்ளினிலிருந்து வந்த சக ஊழியர், "எங்கள் நாட்டில் அன்றைக்கு யாரும் அதைச் சாப்பிடுவதில்லை, அமெரிக்காவில் கட்டிவிட்டது" என்றார். அப்படியானால் இது போலி மரபுதானா?

கே.

அன்புள்ள கே.,

டப்ளின்காரர் சொன்ன தகவல் சரி. அது போலி என்ற முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அயர்லாந்துக் குடியானவர் மாடு வளர்த்தது பாலுக்கும் வெண்ணெய்க்கும். கறிக்குப் பன்றிதான், முட்டைக்கோஸோடு வெந்ததும் உப்பிட்ட பன்றிக்கறியே. உப்பிட்ட மாட்டிறைச்சி அங்கே இல்லாமலில்லை. 1660களில் இங்கிலாந்து, அயர்லாந்து மாடுகள் உயிரோடு தன் நாட்டுக்குள் வருவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அப்புறம் அயர்லாந்தின் கார்க் நகரில் மாடுகளை அறுத்து, உப்பிட்டு, பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். பிரிட்டிஷ் கடற்படைக்கும் கரீபியத் தோட்டங்களுக்கும் போனது அந்தக் கறி. உப்பிட்ட கைகளுக்கு அதை வாங்க வக்கில்லை.

1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியது. அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டை விட்டே போனார்கள். அவர்களில் நியூயார்க் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அக்கம்பக்கமாக யூதர்கள் குடியேறினார்கள். யூதக் கசாப்புக் கடையில் பன்றிக்கறி கிடையாது. மாட்டின் நெஞ்சுக்கறியை உப்புநீரில் பல நாள் ஊறப்போட்டு விற்றார்கள். முரட்டுக் கறி, ஆகவே மலிவு. சிறுதீயில் மூன்று மணி நேரம் வேகவிட்டால் நார்நாராகப் பிரியும். கடைசியில் அதே சட்டியில் கிழங்கும் கோஸும் விழும். அன்று கோஸ்தான் கையைக் கடிக்காத காய்கறி.

சொந்த மண்ணில் பிறருக்காக உப்பிட்ட கறியை, கூலிக் காசில் வாங்கித் தங்கள் பிள்ளைகளின் தட்டில் வைத்தார்கள். இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

புனித பேட்ரிக் நாள் ஊர்வலமும் இப்படித்தான். நியூயார்க்கில் 1762 முதல் நடக்கிறது. அயர்லாந்தில் அந்த நாள் பொது விடுமுறையானதே 1903இல்தான். பிறகும் பல பத்தாண்டுகள் அன்று மதுக்கடைகள் மூடியிருந்தன. உங்கள் சிகாகோ ஆற்றைப் பச்சையாக்கும் வழக்கம் 1962இல் வந்தது. கழிவுநீர்க் கசிவைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட சாயத்தைக் கொண்டு பிளம்பர்கள் சங்கம் தொடங்கி வைத்தது.

மார்ச் 17, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் வருகிறது. அது வெள்ளிக்கிழமையாக அமைந்தால் கத்தோலிக்கர் கறி தொடக்கூடாது. 2023இல் அப்படி அமைந்தபோது, அமெரிக்க ஆயர்கள் பலர் தங்கள் மக்களுக்கு இந்த விருந்துக்காக அன்று மட்டும் விலக்கு அளித்தார்கள்.

அந்த விருந்தைச் சமைத்த பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் வீட்டில் யார் காலத்திலிருந்து இதைச் சமைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள், இங்கே வெளியிடுகிறேன்.