யூரியா போட்டும் பயிர் வெளுக்கிறது, ஏன்?

கேள்வி: சுரங்கக் கழிவைக் கொட்டிச் சமன் செய்த நிலம், இரண்டு ஏக்கர். சோளம் போட்டிருக்கிறேன். யூரியா போட்டால் பத்து நாள் பச்சை, அப்புறம் வெளுத்துவிடுகிறது. களை, சருகெல்லாம் கூட்டி எரித்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். நுண்ணூட்டக் கலவையும் நுண்ணுயிர்த் திரவமும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். யூரியாவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். அதே அளவை நாலைந்து தவணையாகப் பிரித்துப் போடுங்கள். ஆழத்திலிருந்து வந்த கழிவில் மட்கு, அதாவது மட்கிப்போன இலைதழை, கிடையாது. யூரியாவில் போட்ட தழைச்சத்து (நைட்ரஜன்) நிற்க இடமில்லாமல், நீரில் கரையும் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது சருகைப் பற்றி. நல்ல நிலத்தில் தழைச்சத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் மட்கிலும் மற்ற கரிமப் பொருளிலும்தான் இருக்கும். உங்கள் நிலத்தில் அந்த இருப்பு இனிமேல்தான் சேர வேண்டும். அதைத்தான் தீ வைத்துப் புகையாக விடுகிறீர்கள். இந்த மாதிரி நிலத்தில் சுத்தம் பார்ப்பவரைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். விளைந்ததில் தானியம் போக எதுவும் வெளியே போகக் கூடாது. ஆனால் வெறும் சோளத்தட்டையை மடக்கி உழாதீர்கள். அதில் கரிமம் (கார்பன்) அதிகம், தழைச்சத்து குறைவு. மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் கொஞ்சத்தையும் இழுத்துக்கொள்ளும், பயிர் இன்னும் வெளுக்கும். சணப்பு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி என்று, வேர் முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் பசுந்தாள் பயிர்களை விதைத்துப் பூக்கும்போது தட்டையோடு சேர்த்து மடக்குங்கள். ஒரு போகத்தில் தீராது, வருஷக்கணக்கில் செய்ய வேண்டும்.

விதைத்து ஆறேழு வாரத்தில் ஒரு பசுந்தாள் செடியை வேரோடு தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரோஜா நிறமென்றால் தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. முடிச்சே இல்லையென்றால் முதலில் அமிலத்தைச் சந்தேகப்படுங்கள். கழிவில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் காற்றும் ஈரமும் பட்டுக் கந்தக அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மண்ணின் அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே என்றால் முதலில் சுண்ணாம்பு, பிறகுதான் விதை. ஒருமுறை போட்டதோடு விட்டுவிடாமல் வருஷாவருஷம் சோதியுங்கள்.

கடைக்காரர் சொன்ன திரவம் வீண். தின்ன ஒன்றுமில்லாத மண்ணில் நுண்ணுயிரை ஊற்றுவது பட்டினி போட்டுக் கொல்வதுதான். பக்கத்தில் பழைய மரத்தடி மண் கிடைத்தால் இரண்டு கூடை தூவுங்கள், வேரோடு ஒட்டி வாழ்ந்து சத்து எடுத்துக் கொடுக்கும் வேர்ப்பூசணமும் சேர்ந்து வரும். நுண்ணூட்டக் கலவை இன்னும் மோசம்: அமில மண்ணில் இரும்பும் மாங்கனீசும் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கரைந்திருக்கலாம். சோதிக்காமல் அதை விற்பவர் விவசாயம் தெரிந்தவர் இல்லை.

சரி, இன்னொன்று. காட்மியம், ஈயம், ஆர்சனிக் இருக்கிறதா என்று மண்ணையும் தானியத்தையும் ஆய்வகத்தில் பாருங்கள். முடிவு வரும்வரை இந்தச் சோளம் வீட்டுக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம்.