சக்கிமுக்கித் துப்பாக்கியில் அசல் எது?

கேள்வி: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பென்சில்வேனியாவில் செய்யப்பட்டது என்ற குறிப்புடன் ஏலத்துக்கு வரும் 'கென்டக்கி ரைபிள்' (நீண்ட குழலுள்ள சக்கிமுக்கித் துப்பாக்கி) அசலானதுதானா என்பதை எப்படி அறிவது? குழலின் மீது கொல்லரின் பெயர் இருந்தால் போதாதா?

பதில்: போதாது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரைச் சேர்ந்த ஜேக்கப் டிக்கர்ட் போன்ற புகழ்பெற்றவர்களின் பெயரைப் பிற்காலத்தில் எவரும் குழலில் வெட்டிவிட முடியும். கல்லை உரசித் தீப்பொறி எழுப்பும் சுடுபொறியை இங்கிலாந்திலிருந்து தருவித்துப் பொருத்துவது அங்கே வழக்கமாக இருந்ததால், அதன் பொறித்தகட்டில் பர்மிங்காமின் 'கெட்லண்ட்' நிறுவன முத்திரையைக் கண்டு துப்பாக்கியே ஆங்கிலேயர் செய்தது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

சுடுபொறியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கேப் (அடித்தால் வெடிக்கும் மருந்தடைத்த சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் முறை பரவியபோது, சக்கிமுக்கிக் கல்லால் இயங்கிய ஏராளமான துப்பாக்கிகள் அதற்கேற்ப மாற்றப்பட்டன. பின்னாளில் சேகரிப்பாளர்கள் கல்லையே விரும்பியதால், அவற்றில் பல மீண்டும் பழைய வடிவத்துக்குத் திருப்பப்பட்டன. அவ்வாறு திருப்பியவற்றில், பொறித்தகடு துருவால் குழிந்திருக்கும்போது தீப்பொறி விழும் மருந்துக் கிண்ணத்தின் விளிம்பு மட்டும் கூர்மை குலையாமல் இருக்கக்கூடும்; கிண்ணத்திலிருந்து குழலுக்குள் தீ செல்லும் தீத்துளையைச் சுற்றிக் குழலில் தெரியும் அரிப்பு, அதை ஒட்டிய கிண்ணத்தில் தொடராமல் போகக்கூடும். செயற்கையாகப் பழமை பூசிய ஒன்றைவிட, கேப் முறைக்கு மாறியதை மறைக்காத துப்பாக்கியையே நான் உயர்வாக மதிப்பேன். அந்த மாற்றம் அதைப் பயன்படுத்திய காலத்தின் தேவையால் நேர்ந்தது.

கைத்திறனுக்கு, துப்பாக்கியின் மரக்கட்டையில் கன்னம் பதியும் மேட்டின் பின்னாலுள்ள புடைப்புச் செதுக்கலே சிறந்த சான்று. தேர்ந்த கைவினைஞர் தொடக்கத்திலேயே மேப்பிள் கட்டையைத் தடிப்பாக விட்டு, செதுக்கலைச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் சீராகத் தாழ்த்துவார். ஆகையால் கொடியும் சுருளும் கட்டையின் வளைவுக்கு மேலே எழுந்து நிற்கும். வெறுமையாக இருந்த பழைய கட்டையில் பின்னால் செதுக்கியவருக்கு அந்த உபரி மரம் கிடைக்காததால், அவர் செதுக்கலைச் சுற்றிப் பள்ளம் பறித்தாக வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பள்ளம் புலப்பட்டுவிடும். கட்டையில் பதித்துள்ள பித்தளைப் பெட்டியின் உட்குழியில் உளித்தடங்கள் கரடுமுரடாக இருப்பதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தை மெருகிட அன்றைய பட்டறைகள் நேரம் செலவிடவில்லை.

கேள்வி: முன்கட்டையில் (குழலைத் தாங்கும் முன்பக்க மரத்தில்) ஒட்டு இருந்தால் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். மெல்லிய முன்கட்டை எளிதில் உடையக்கூடியது என்பதால் அங்கே பழுது பார்த்திருப்பது சாதாரணம். மரத்தின் அலைவரி எங்கே அறுபடுகிறது என்பதைப் பார்த்து ஒட்டின் நீளத்தை அறிந்துகொண்டு, விற்பவர் அதைத் தாமாகவே தெரிவித்திருக்கிறாரா என்பதையும் கவனித்து, அதற்கேற்ப விலையைப் பேசுங்கள்.