சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடந்த 8 மாதங்களில் இரண்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்கள் செய்து முடித்தேன். ஒன்று, முழு ஆம்பும் ஒரே சில்லில் அடங்கிய எல்.எம்.3886 ஐ.சி. போட்டது. இன்னொன்று முழுக்கத் தனித்தனி டிரான்சிஸ்டர், கிளாஸ் ஏபி வகை. ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டுகள். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஆம்புக்கு முன்னால் இருக்கும் ப்ரீஆம்பின் வால்யூமைக்கூடத் தொடாமல், செட்டை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டேன். டிரான்சிஸ்டர் செட்டில் கதகதப்பும் ஆழமும் இருக்கிறது, பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. ஐ.சி. செட் அதன் முன்னால் வறண்டு கிடக்கிறது. என் மனைவி மட்டும் டிரான்சிஸ்டர் செட்டைப் பற்றி "அது கொஞ்சம் சத்தமா இருக்கு, அவ்வளவுதான்" என்கிறாள். அவளுக்கு இதெல்லாம் கேட்டுப் பழக்கம் இல்லை.

ஐ.சி. செட்டில் விலை உயர்ந்த கண்டென்சர் போட்டால் அந்தக் கதகதப்பு வருமா? டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறலாமா? ஐ.சி. செட்டில் லேசான ஹம், 'உம்ம்' என்ற இரைச்சல், வேறு இருக்கிறது. டிரான்சிஸ்டர் செட்டின் பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் கரண்டை, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் சூட்டில் வைத்திருக்கிறேன். இரண்டின் சர்க்யூட்டும் படங்களும் இணைத்துள்ளேன். உங்கள் அனுபவத்தில் எது நல்ல ஆம்ப் என்று சொல்ல வேண்டும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேஜைமேல் ஒரு பழைய ஆம்ப் மூடி கழற்றிக் கிடந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இதுவும் மற்றக் கடிதங்களோடு அடியில் போயிருக்கும். அந்த ஆம்ப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். கை பொறுக்கும் சூடு என்பது என்ன அளவு? ஹீட் சிங்க் பெரிதாக இருந்தால் ஆபத்தான கரண்ட் ஓடும்போதும் அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சிறிதாக இருந்தால் ஒழுங்கான கரண்டிலேயே சுடும். உங்கள் சர்க்யூட்டில் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் இருக்கிறது. அதன் இரு முனைகளில் மீட்டரை வையுங்கள். 22 மில்லிவோல்ட் காட்டினால் 100 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று பொருள். பள்ளிக்கூடத்துக் கணக்குதான். சூடு ஏற ஏற டிரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் வோல்ட்டேஜ் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும், கரண்ட் கூடும், கூடிய கரண்ட் இன்னும் சூடாக்கும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் பயாஸைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரை அதே ஹீட் சிங்க்கில் ஒட்ட வைக்கிறோம். உங்கள் படத்தில் அது போர்டின் மூலையில் தனியாக நின்றுகொண்டிருக்கிறது. யாருக்காக நிற்கிறது?

முதல் தடவை பவர் கொடுத்தபோது மெயின்ஸ் வயரில் தொடராக ஒரு பல்பு, அதான் சீரிஸ் லேம்ப், போட்டீர்களா? ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன் அவுட்புட்டில் எவ்வளவு டி.சி. நிற்கிறது என்று பார்த்தீர்களா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. உங்கள் செட் ப்ளஸ் 35, மைனஸ் 35 வோல்ட்டில் ஓடுகிறது. ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த 35 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயிலுக்குத்தான் போகும். அப்புறம் ஸ்பீக்கரிலிருந்து வருவது வேறு வகைக் கதகதப்பு.

கண்டென்சரை விடுங்கள். டொராய்டல் நல்லதுதான், வெளியே சிந்தும் காந்தப்புலம் குறைவு, ஆனால் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரை இன்புட் பக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஹம்முக்கு: இன்புட்டின் கிரவுண்ட் வயரை, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபயரிலிருந்து ஃபில்டர் கண்டென்சருக்கு ஓடும் பாதையில் இடையில் போய்ச் செருகியிருக்கிறீர்கள். அந்தப் பாதையில் கண்டென்சர் சார்ஜ் ஆகும் ஒவ்வொரு முறையும் கரண்ட் திமிறிக்கொண்டு ஓடும். கிரவுண்டுகளையெல்லாம் தனித்தனியாகக் கொண்டுவந்து, ஃபில்டர் கண்டென்சர்களைத் தாண்டி ஒரே புள்ளியில் சேருங்கள். போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் சரியாகக் கேட்டவர் ஒருவர்தான். அவரைத்தான் பழக்கம் இல்லாதவர் என்று ஒதுக்கியிருக்கிறீர்கள்.

நீங்களே அனுப்பிய சர்க்யூட்டைப் பாருங்கள். டிரான்சிஸ்டர் செட்டில் ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் 22 கே, அதாவது 22,000 ஓம், மற்றும் 680 ஓம். கெயின், அதாவது இன்புட்டை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது, 33க்குக் கொஞ்சம் மேலே. ஐ.சி. செட்டில் 20 கே, 1 கே. கெயின் 21. வால்யூமைத் தொடாமல் செட்டை மாற்றினால் டிரான்சிஸ்டர் செட் 4 டெசிபெல் கூடுதலாகக் கத்தும். ஐ.சி. செட் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுக்கும் இடத்தில் அது இரண்டரை வாட் கொடுக்கும். நியாயத்துக்காகத் தொடாமல் விட்டேன் என்கிறீர்களே, தராசில் ஒரு தட்டில் கல்லை வைத்துவிட்டு, நியாயத்துக்காக அதைத் தொடவில்லை என்று சொல்வதுபோல இருக்கிறது.

1927ல் ஹாரால்ட் பிளாக் என்ற இளம் பொறியாளர் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது, கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அவுட்புட்டில் ஒரு பங்கைத் திருப்பி இன்புட்டிலிருந்து கழிக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக் கணக்கைக் கிறுக்கிவைத்தார். அன்று முதல் ஆம்பின் கெயினை நிர்ணயிப்பது உள்ளே இருக்கும் வால்வோ டிரான்சிஸ்டரோ ஐ.சி.யோ இல்லை, வெளியே இருக்கும் அந்த இரண்டு ரெசிஸ்டர்கள்தான். ஆம்ப் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் ஒப்பிட உட்காரும்போது எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

4 டெசிபெல் என்றால் சத்தம் கூடியது என்று தெரிந்துவிடும், உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்ததே. ஆனால் கூடிய சத்தம் உங்களுக்கு ஏன் கதகதப்பாகக் கேட்டது? 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டிவிட்டார்கள். மெல்லிய ஒலியில் நம் காது தாழ்ந்த சுரங்களை மிகக் கஞ்சத்தனமாகத்தான் வாங்கிக்கொள்ளும். மொத்த ஒலியையும் கொஞ்சம் உயர்த்தினால், மற்ற சுரங்களைவிட பாஸ் அதிகமாக மேலே வரும். அதுதான் உங்கள் ஆழம். அந்த மூச்சுச் சத்தம் ஐ.சி. செட்டிலும் வந்துகொண்டுதான் இருந்தது. மின்விசிறியின் இரைச்சலுக்குக் கீழே கிடந்தது, 4 டெசிபெல் ஏறியதும் தலையை வெளியே நீட்டியது.

உங்களை இவ்வளவு திட்டுவதற்கு எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. இதே முட்டாள்தனத்தை நான் செய்திருக்கிறேன். உங்களைவிட மோசமாக.

இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. நானும் ஒரு நண்பனும் ஒரே எல்.எம்.3886, ஒரே சர்க்யூட், ஆளுக்கொரு செட் செய்தோம். அவன் வேலை பார்க்கவே அழகாக இருக்கும். பவர் வயர்களை ஜடை போட்டதுபோல் முறுக்கியிருப்பான். மைக்கா தகட்டின் இருபுறமும் பேஸ்ட்டை விரல் நுனியால் சீராகத் தடவுவான். சால்டர் ஒவ்வொன்றும் சின்னக் குன்றுபோல மினுங்கும். சர்க்யூட்டில் 20 கே என்று இருந்தால் அது கிடைக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பான். என் செட் காக்கைக் கூடு. எனக்குப் பொறுமை கிடையாது, டப்பாவில் 22 கே இருந்தது, அதைப் போட்டு முடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரை உட்கார வைத்து இரண்டையும் கேட்கச் செய்தோம். நான்கு பேரும் என் செட்டைத்தான் சொன்னார்கள். ஒருவர் "இதில் உயிர் இருக்கிறது" என்றார். நண்பன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவனுக்கும் அப்படித்தான் கேட்டது, அதுதான் கொடுமை. நானாவது சும்மா இருந்திருக்கலாம். வயர் நீளம் குறைவாக இருப்பதால்தான் உயிர் வருகிறது, ரொம்ப ஒழுங்காகக் கட்டினால் இசை இறுகிப்போகும் என்று அரை மணி நேரம் விளக்கம் வேறு கொடுத்தேன். அவன் அதற்குப் பிறகு சால்டரிங் அயர்னைத் தொடவே இல்லை. "இதையும் நீயே வச்சுக்கடா" என்று செட்டை என்னிடம் கொடுத்துவிட்டான். பரணில் இருந்தது. என் மேஜைமேல் மூடி கழற்றிக் கிடந்ததே, அதுதான்.

போன மாதம் எடுத்து ஓட்டிப் பார்த்தேன், ஒரு சேனல் வரவில்லை. ஸ்பீக்கர் முனையில் ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்யும்போது ஃபீட்பேக் ரெசிஸ்டரின் அளவைச் சொல்லும் நிற வளையங்கள் கண்ணில் பட்டன: சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு. 20 கே. என்னுடையதில் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு. கெயின் அவனுக்கு 21, எனக்கு 23. வித்தியாசம் 0.8 டெசிபெல். இது உங்கள் 4 டெசிபெலைவிடக் கள்ளத்தனமானது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தைச் சத்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெளிவு என்பார்கள், உயிர் என்பார்கள். ஒரு வளையத்தின் நிறம் வேறாக இருந்ததற்காக ஒரு நல்ல கைக்காரனை நான் இந்த வேலையிலிருந்தே துரத்தியிருக்கிறேன்.

ஆகவே இதைச் செய்யுங்கள். டிரான்சிஸ்டர் செட்டின் இன்புட்டில் ஒரு 10 கே பிரீசெட், அதாவது திருகி அளவை மாற்றும் சின்ன ரெசிஸ்டர், போடுங்கள். ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றிக் கெயினைக் குறைக்கப் போகாதீர்கள். அந்தக் கெயினில் நிலையாக நிற்கும்படி காம்பன்சேஷன் செய்த சர்க்யூட், குறைத்தால் ஆசிலேட் ஆகலாம், அதாவது தானாகவே அலைய ஆரம்பிக்கலாம். 300 ஹெர்ட்ஸ் சைன், அதாவது மாறாத ஒரே சுரம், ஓட விடுங்கள். பல சாதாரண மல்டிமீட்டர்களின் ஏ.சி. அளவு 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப முடியாது, அதனால்தான் 300. ஸ்பீக்கர் மாட்டியபடியே அதன் முனையில் அளந்து, இரண்டு செட்டும் ஒரே வோல்ட்டேஜ் காட்டும்வரை பிரீசெட்டைத் திருப்புங்கள். 2.83 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 8 ஓமில் 1 வாட். அதில் 0.03 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, அப்போதுதான் 0.1 டெசிபெலுக்குள் நிற்கும். காதால் சமன் செய்தேன் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதாதீர்கள். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பிறகு, ஸ்பீக்கரின் இரண்டு வயர்களையும் சேர்த்து மாற்றும் சுவிட்ச் ஒன்று. இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் ஒரு நொடிகூட ஒன்றையொன்று தொடக்கூடாது. சுவிட்சை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். அவர் உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி, விழுந்தபடி போடட்டும். நீங்கள் இது எந்த செட் என்று காகிதத்தில் எழுதுங்கள். 16 தடவை. 12 சரியாக வந்தால் பேசலாம். வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் 12ஓ அதற்கு மேலோ வர நூற்றுக்கு 4 வாய்ப்புகூட இல்லை. 9 வந்தால் கதகதப்பைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஆம்ப் எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஏ.சி.க்குக் காட்டும் தடை, கூடுதலாக உள்ள வால்வ் செட், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்கும் இடங்களிலெல்லாம் தானும் ஏறி இறங்கும், அது நிஜமாகவே காதில் விழும். 1985ல் பாப் கார்வர் என்ற பொறியாளர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகை ஆசிரியர்கள் மதித்த விலை உயர்ந்த ஆம்ப் ஒன்றின் ஒலியைத் தன் மலிவான ஆம்பில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டு, ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்தார். இரண்டின் அவுட்புட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிஞ்சுவதைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் அந்த ஆசிரியர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கதகதப்பு இருந்தால் அது இந்தக் கழித்தலில் மிச்சமாக வந்து நிற்கும்.

நண்பனுக்குப் போன் செய்தேன். வளையத்தின் நிறம், 21, 23, 0.8 எல்லாம் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை, அதற்குப் பதிலாகத்தான் இந்த எண்களைச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கும்டா. ஆனா உன்னுதுதான் நல்லா இருந்துது" என்றான். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் இரண்டாவது படத்தில் எமிட்டர் ரெசிஸ்டர்கள் போர்டோடு ஒட்டிக் கிடக்கின்றன, அடியில் பழுப்பு ஏற ஆரம்பித்துவிட்டது. கழற்றி, ஐந்து மில்லிமீட்டராவது தூக்கி வைத்து சால்டர் செய்யுங்கள். அதுவரை அந்த செட்டை ஓட்ட வேண்டாம்.